மச்சானின் முந்நூற்றுப் பன்னிரண்டு சிடிகள்

தெருவில் அவருக்கு எஞ்சினியர் என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெருவில் யாருக்கும் நினைவில்லை. அவருக்கு மட்டும் நன்றாக நினைவிருந்தது. ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, அதன்மேல் வயிறு திறந்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கிடத்திக் கடை திறந்த முதல் வாரம், எதிர்க்கடை மருந்துக்காரர் ஒரு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "எஞ்சினியர் சார் இருக்காரா?" என்று கேட்டார். இவரும் யோசிக்காமல் "நான்தான்" என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு சொல். அதைப் பதினெட்டு வருடம் சுமக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

எஞ்சினியர் கிடக்கட்டும், அவர் பத்தாம் வகுப்பே தேறியவர் இல்லை. மற்ற பாடங்களில் தட்டுத் தடுமாறிக் கரையேறியவரை ஆங்கிலம் மட்டும் மூன்று முறை குப்புறத் தள்ளியது. பிறகு கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்றில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பாமல், அதைப் பூட்டிப் பொருத்துகிற ஆட்களுக்குப் பின்னால் நின்று அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்த்தார். நான்கு வருடம் பார்த்தார். திரையில் இருந்த எழுத்தை அவர் படிக்கவில்லை, இடத்தைப் படித்தார். வலது பக்கம் கீழ் மூலையில் நெக்ஸ்ட். அதை அழுத்தினால் அடுத்தது. அடுத்ததிலும் அதே மூலை. கடைசியில் அந்த இடத்தில் வேறு சொல் வரும், அதையும் அழுத்தினால் வேலை முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இது பலித்தது. மீதிப் பத்துக்கு ஃபார்மட், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது.

கைவேலை சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தூசி அடைத்த மின்விசிறியைக் கழற்றி மாட்டுவதிலும், விட்டுப்போன கம்பியைப் பற்றவைப்பதிலும் படித்த எஞ்சினியர்களே இவரிடம் வந்து நின்றார்கள். ஆனால் வாடிக்கையாளர் யாராவது திரையைக் காட்டி "என்னமோ கேக்குதே சார்?" என்றால் இவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தார். "அது சும்மா கேக்கும்." எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டே நெக்ஸ்டை அழுத்திவிடுவார். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. வங்கிப் படிவத்தை நிரப்பித் தருவது அவள்தான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

மனைவியின் அண்ணன் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை இந்த மச்சானிடம் அனுப்புவார்கள். அதைப் பிளாஸ்டர் மாவில் தாடையாக வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அவ்வளவு நேரமும் பாட்டு கேட்பார். பாட்டு என்றால் வாய்ப்பாட்டு கூடாது, வாத்தியம் மட்டும். கேட்டால், "காலையிலேருந்து வாய்களோடதான் மல்லுக்கட்டறேன். காதுலயுமா வாய் வேணும்?" என்பார்.

மச்சானின் இன்னொரு குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நேர்மை என்று வந்தால் அவர் கொஞ்சம் கோட்டி பிடித்தவர். ஊரே நடைபாதையில் கள்ள சிடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், கடைவீதியின் கோடியில் இருந்த ஒரே ஒரு இசைக்கடையில்தான் வாங்குவார், அதுவும் ஒரிஜினல்தான். இருபது வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தன. சுவரை அடைத்த ஒரு அலமாரி முழுக்க அவைதான். வாசித்தவனுக்குக் கூலி போய்ச் சேரவேண்டும் என்பது அவர் கட்சி. "நான் செஞ்ச பல்லை எவனாவது காப்பியடிச்சு வித்தா எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பார். பல்லை எப்படிக் காப்பியடிப்பது என்று எஞ்சினியருக்குப் புரியாது. ஆனாலும் தலையாட்டுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் பெரிய ஷோரூமில் போய் ஒரு பாட்டுப் பிளேயர் வாங்கி வந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. அட்டைப்பெட்டியில் காதில் வயரோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் இணையக் கடையிலிருந்து உலகத்துப் பாட்டையெல்லாம் வாங்கலாம் என்று அதில் போட்டிருந்ததாக மச்சான்தான் படித்துச் சொன்னார். எஞ்சினியர் மச்சானின் பட்டறையில் இருந்த கம்ப்யூட்டரில் அந்தக் கடையைத் திறந்து கொடுத்தார். முகவரி கேட்டது. எந்த மாநிலம் என்று ஒரு பட்டியலைக் காட்டியது. மேலிருந்து கீழ்வரை எல்லாம் அமெரிக்க மாநிலங்கள்.

"நம்ம ஊர் இல்லையே மாப்பிள்ளை."

"முதல்ல இருக்கிறதை அமுக்கிடுங்க மச்சான். அலபாமா. எல்லாரும் அதைத்தான் அமுக்கறாங்க."

"நான் அலபாமால இல்லையே."

"இருக்கீங்களான்னு வந்தா பார்க்கப் போறான்?"

"அவன் பார்க்கமாட்டான், எனக்குத் தெரியுமே" என்று மச்சான் பட்டியலை மூடிவிட்டார். கம்பெனிக்கு மரியாதையாக ஒரு கடிதமும் எழுதினார். உங்கள் பிரதேசத்துக்கு இந்தச் சேவை கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தக் கம்பெனிக்காரர்கள் காசை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவனை உள்ளே விடாமல் விரட்டுவார்கள், பிறகு எல்லாரும் திருடுகிறார்கள் என்று மேடை போட்டு அழுவார்கள். பிளேயரை மட்டும் எந்தப் பிரதேசத்துக்கும் விற்பார்கள். அதற்கு அலபாமாவில் வீடு தேவையில்லை.

"கவலைப்படாதீங்க மச்சான். உங்க சிடியையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, அதுலேருந்து பிளேயருக்கு அனுப்பிடலாம்" என்று எஞ்சினியர் தேற்றினார். சொந்த சிடி, சொந்தக் கம்ப்யூட்டர் என்பதால் மச்சானும் ஒப்புக்கொண்டார்.

முதல் சிடியைப் போட்டதுமே திரையில் ஒரு பெரிய பெட்டி வந்து நின்றது. நாலைந்து வரி எழுத்து, நடுவில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. வலது கீழ் மூலையில் நெக்ஸ்ட்.

"ஏதோ பெரிசா கேக்குதே மாப்பிள்ளை. என்ன அது?"

மச்சானின் கண்ணாடி பக்கத்து மேசையில் இருந்தது, கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அவர் போய்க் கை கழுவிக் கண்ணாடியைப் போட்டு வந்து படிப்பதற்குள் இங்கே எஞ்சினியரின் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"அது சும்மா கேக்கும்" என்று அழுத்திவிட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றி முடித்தார்கள். அந்தப் பெட்டி மறுபடி வரவேயில்லை. ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அது கேட்பதில்லை.

அடுத்த மாதம் மச்சானின் பட்டறை இருந்த கட்டடத்தைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டார். பட்டறையை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பல்செட்டுக்காக வார்த்த பிளாஸ்டர் தாடைகளைத் தூக்கியெறிய முடியாது. செட் உடைந்தால் டாக்டர்கள் பழைய தாடையைக் கேட்பார்கள். அவற்றை வைக்க அலமாரி வேண்டும். இருந்ததோ சிடி அலமாரி ஒன்றுதான்.

"பாட்டெல்லாம்தான் உள்ள வந்துடுச்சே. இனி இந்த சிடித் தட்டையெல்லாம் வச்சு என்ன பண்ணப்போறீங்க? யாருக்காவது கொடுத்துடுங்க" என்றார் எஞ்சினியர்.

மச்சான் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். "கொடுக்க முடியாது மாப்பிள்ளை. நான் வாங்கினது ஒண்ணு. தட்டை ஒருத்தர் கேட்க, காப்பியை நான் கேட்டா, ஒரு காசுக்கு ரெண்டு பேர் கேக்கற மாதிரி ஆயிடும். அது கள்ளத்தனம்."

"அப்ப என்ன பண்றது?"

"வெட்டிடலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார் எஞ்சினியர். இல்லை. மச்சான் தகடு வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சிடியாக எடுத்து, மேலே எழுதியிருப்பதை ஒரு முறை படித்துவிட்டு, நடுவில் வெட்டினார். எஞ்சினியரும் இன்னொரு கத்தரியோடு உட்கார்ந்தார். படீர் படீரென்று உடைந்து வெள்ளிச் சில்லுகள் கூடமெங்கும் தெறித்தன. மச்சானின் மனைவி, "காலுக்குச் செருப்பு போடாம யாரும் வராதீங்க" என்று துடைப்பத்தோடு நின்றார். மாலைக்குள் மூன்று சாக்கு நிறைந்தது. நடுவில் மச்சான் ஒரே ஒரு தடவை கேட்டார். "கம்ப்யூட்டர்ல பத்திரமாத்தானே இருக்கு மாப்பிள்ளை?"

"நான் இருக்கேன்ல?" என்றார் எஞ்சினியர்.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மச்சானின் கம்ப்யூட்டர் நொண்ட ஆரம்பித்தது. திறக்கவே அரைமணி நேரம், திறந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். எஞ்சினியர் ஒரு ஞாயிறு காலை மனைவியோடு போனார். எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றையும் வேறொரு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு ஃபார்மட் செய்தார். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டார். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. மச்சானின் மனைவி இட்லி மாவு கரைப்பதை விட்டுவிட்டு, காபி டம்ளரோடு வந்து பார்த்தார்.

"ஒரு பாட்டு போடுங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

போட்டார். பாட்டு வரவில்லை. ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. அழுத்தினார், மூடிக்கொண்டது. வேறு பாட்டு. அதே பெட்டி. இருபது பாட்டு தட்டிப் பார்த்தார். பாட்டுகள் பெயரும் நீளமுமாக வரிசையாகத்தான் இருந்தன, வாயை மட்டும் திறக்கவில்லை.

"பிளேயர்ல பாடுதே" என்றாள் எஞ்சினியரின் மனைவி.

ஆமாம், பிளேயரில் அறுநூறு எழுநூறு பாட்டு இருந்தது. எஞ்சினியருக்குப் போன உயிர் திரும்பியது. பிளேயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார். அங்கிருந்து இங்கே இழுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. உடனே ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் இந்த முறை கண்ணாடியைத் தேடி எழுந்தார். அவர் வருவதற்குள் எஞ்சினியரின் விரல் பழக்கதோஷத்தில் வலது மூலையை அழுத்திவிட்டது.

ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. பிளேயரில் ஒரு பாட்டுகூட இல்லை. புதுக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு அது பழையதையெல்லாம் துடைத்துவிட்டது.

சிடி இருந்த அலமாரியில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "என்ன ஆச்சு மாப்பிள்ளை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால்கூட எஞ்சினியர் தனக்குத் தெரியவில்லை என்ற உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. எஞ்சினியர் சொல்வார் என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

எஞ்சினியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. நீங்க வாங்கினதெல்லாம் ஒரிஜினல்தானா?"

"என்ன கேக்கறீங்க?"

"இல்ல, டூப்ளிகேட் சிடிலேருந்து ஏத்தினா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுப் பூட்டிடும். இப்பல்லாம் அப்படி வருது. கடைக்காரன் ஒரிஜினல்னு சொல்லி உங்க தலையில கட்டிட்டானோ என்னமோ."

சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான். இருபது வருடத்தில் ஒரு கள்ள சிடிகூட வாங்காத ஒரே மனிதரைப் பார்த்து, அவர் வீட்டுக் கூடத்திலேயே, அவர் மனைவியும் தங்கையும் நிற்கும்போது அப்படிச் சொன்னார்.

மச்சான் அலமாரியைப் பார்த்தார். காட்டுவதற்கு ஒரு சிடி இல்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே வெட்டியிருந்தார். "இருக்கும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீடு திரும்பியதும் மனைவி வாசலில் சாவியைத் திருகிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள். "எங்கண்ணன் டூப்ளிகேட் வாங்குவாராங்க?" எஞ்சினியர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

மறுநாளே மச்சான் இசைக்கடைக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை மச்சானின் மனைவி பிறகு போனில் சொன்னார். கடைக்காரர் வயதானவர். கடைவீதி முழுக்கக் கள்ள சிடி விற்றுக் கொழுத்தபோது, விற்கமாட்டேன் என்று கடையையே பாதியாகக் குறுக்கிக்கொண்டவர். அவரிடம் போய், தெருவில் போகிற நாலுபேர் பார்க்க, "இருபது வருஷமா எனக்கு டூப்ளிகேட்டையா கொடுத்தீங்க?" என்று மச்சான் கேட்டிருக்கிறார். எங்கே அந்த சிடி என்று அவர் கேட்க, வெட்டிவிட்டேன் என்று இவர் சொல்ல, வேலைக்காரன் ஒருவன் சிரித்திருக்கிறான். "இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

அதன்பின் மச்சான் பாட்டே கேட்பதில்லை. கூடத்தில் மெருகேற்றும் இயந்திரத்தின் கிர்ர் சத்தம் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து, நீதிமன்றத்தில் தட்டச்சு செய்யும் அம்மாள் ஒருவர் எஞ்சினியரின் கடைக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். சரிசெய்து முடித்ததும், கையோடு ஒரு சிடியையும் ஏற்றித் தரச் சொன்னார். போட்டதும் அதே பெட்டி வந்தது. நாலைந்து வரி, சின்னக் கட்டம், டிக். எஞ்சினியரின் விரல் கீழ் மூலைக்குப் போனது.

"இருங்க இருங்க" என்றார் அந்த அம்மாள். எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது அவரால், பிழைப்பே அதுதான். "இந்தப் பாட்டையெல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டரோட மட்டும் சேத்துப் பூட்டிடவான்னு கேக்கறான். மாத்தினாலோ அழிச்சாலோ அப்புறம் பாடாதாம். நாம காசு கொடுத்து வாங்கின சிடியை இவன் எதுக்குப் பூட்டறான்? அதுலயும் பாருங்க, டிக்கையும் அவனே போட்டு வச்சிருக்கான். எடுத்துடுங்க சார் அதை." பிறகு எஞ்சினியரின் முகத்தைப் பார்த்து, "நீங்க படிக்காமலா அமுக்கப் போனீங்க?" என்றார்.

எஞ்சினியர் டிக்கை எடுத்தார். அன்று அதன்பின் ஒரு வேலையும் ஓடவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன், திருடனைப் பிடிக்கிறேன் என்று பூட்டு செய்தான். அது மச்சானைப் பிடித்துக்கொண்டது. அவனைத் திட்டலாம், எஞ்சினியர் மனதுக்குள் திட்டவும் செய்தார். ஆனால் பூட்டைத் திருகியது தன் விரல். மச்சானைத் திருடன் என்றது தன் வாய். இதில் அலபாமாக்காரனுக்குப் பங்கில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மச்சானுக்குக் காய்ச்சல் விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். மச்சான் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் கடையில் வேலை இருக்கிறது என்று நழுவினார். தப்பித் தவறித் தெருவில் எதிர்ப்பட்டால் மச்சான் வழக்கம்போல, "வாங்க மாப்பிள்ளை" என்பார். அந்த "வாங்க"வில் ஒரு குறையும் இருக்காது. அதுதான் எஞ்சினியரைக் கொன்றது. ராத்திரி சோறு இறங்கவில்லை. "ஒழுங்கா சாப்பிடுங்க" என்று மனைவி சொன்னாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. கடைசியில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஃபார்மட்டுக்கு முன் எடுத்துவைத்த ஹார்ட் டிஸ்கில் பாட்டுகளின் பெயர்கள் இன்னும் இருந்தன அல்லவா, அந்தப் பட்டியலைப் பிரதியெடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். ஒரே வாரத்தில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது. பூட்டு இல்லை, சாவி இல்லை, எந்தப் பிரதேசம் என்ற கேள்வி இல்லை. எதில் போட்டாலும் பாடியது. உலகத்தில் சொன்ன பேச்சைக் கேட்கிற பாட்டு கள்ளப் பாட்டு ஒன்றுதான் போலிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்கில் அடைத்து மச்சான் முன்னால் வைத்தார்.

மச்சான் மெழுகு ஈறில் ஒரு கடைவாய்ப் பல்லை நட்டுக்கொண்டிருந்தார். "என்னது மாப்பிள்ளை?"

"உங்க பாட்டுதான் மச்சான். திரும்பக் கிடைச்சிடுச்சு."

"எங்க வாங்கினீங்க?"

எஞ்சினியர் மேசையில் சிந்திய மெழுகைச் சுரண்டினார். மச்சான் டிஸ்கைத் தொடாமல், மெழுகுக் கத்தியின் நுனியால் இவர் பக்கமாகத் தள்ளினார். "வேணாம் மாப்பிள்ளை. இருபது வருஷம் தெரியாமத் திருட்டுப் பாட்டு கேட்டிருக்கேன். இனிமே தெரிஞ்சே வேற கேக்கணுமா?"

எஞ்சினியருக்குக் காது இரண்டும் சூடேறியது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "அதெல்லாம் ஒரிஜினல்தான் மச்சான்" என்றார்.

"எது?"

"நீங்க வாங்கினது. அத்தனையும் ஒரிஜினல். சிடி ஏத்தும்போதே பூட்டவான்னு ஒரு பெட்டி கேட்டுச்சு. நான்தான் சரின்னு அமுக்கினேன். அதான் ஃபார்மட் பண்ணதும் பாடலை. பிளேயர்ல இருந்ததை அழிச்சதும் நான்தான். கடைக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை."

மச்சான் கத்தியைக் கீழே வைத்தார். "அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சு நாலு மாசம் ஆச்சு."

"நாலு மாசமா..." மச்சான் எழுந்து போய்க் கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த பிளாஸ்டர் போகும்வரை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்புங்க" என்றார்.

"எங்க மச்சான்?"

"நான் போய் அசிங்கப்படுத்தின இடத்துக்கு."

இசைக்கடையில் கூட்டமில்லை. கடைக்காரர் மச்சானைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் படி ஏறவில்லை. கீழேயே நின்று எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் மட்டும் ஏறி, கல்லாவுக்கு முன்னால் நின்று, தான் செய்ததை முதலிலிருந்து சொன்னார். வேலைக்காரன் தூசி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பூட்டவான்னு கேட்டா அதுல எழுதியிருக்குமே. பார்க்கலையா நீங்க?" என்றார் கடைக்காரர்.

"கவனிக்கலை" என்றார் எஞ்சினியர். அங்கேயும் முழு உண்மை வரவில்லை பாருங்கள்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் கல்லா மேசையைத் துணியால் துடைத்தார். "உங்களால எனக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் போனார், பெரிசா ஒண்ணும் நஷ்டமில்லை. ஆனா எனக்கு மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான்." பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "மேல வாங்க, ஏன் வெயில்ல நிக்கறீங்க?" என்று மச்சானைப் பார்த்துச் சொன்னார். நாற்காலி ஒன்றுதான் போட்டார். எஞ்சினியர் நின்றுகொண்டே இருந்தார். அதுதான் நியாயம் என்று அவருக்கே பட்டது.

மச்சான் அன்று ஒரு சிடி வாங்கினார். புதியதல்ல, இருபது வருடத்துக்கு முன் அதே கடையில் முதன்முதலாக வாங்கிய அதே வாத்தியத் தட்டு. இருவரும் மச்சான் வீட்டுக்கு வந்தார்கள். எஞ்சினியர் வாசலோடு திரும்பப் பார்த்தார். "உள்ள வாங்க. இதை யார் ஏத்தித் தருவா?" என்றார் மச்சான்.

கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டார். ஃபார்மட்டுக்குப் பிறகு ஏற்றும் முதல் சிடி என்பதால் அந்தப் பெட்டி மறுபடி வந்து நின்றது. எஞ்சினியருக்கு இப்போது விடை தெரியும். டிக்கை எடுக்கக் கையை நகர்த்தினார். மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"படிங்க மாப்பிள்ளை. படிச்சிட்டு அமுக்குங்க."

எஞ்சினியர் திரையைப் பார்த்தார். தட்டச்சு அம்மாள் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிடலாம், மச்சானுக்குத் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தார். ஒப்பிக்க வரவில்லை. "டூ... யூ... வான்ட்..." என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டினார். நான்காவது சொல் நீளமாக இருந்தது. அதில் நின்றுவிட்டார். பதினெட்டு வருடமாக உள்ளங்கையில் மட்டும் வேர்த்த வேர்வை இப்போது நெற்றியிலும் வந்தது.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது மச்சான்" என்றார். "எப்பவுமே வராது. எதையும் படிச்சு அமுக்கினதில்லை நான்."

மச்சான் கையை விட்டார். எழுந்து போனார். போகட்டும் என்று எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் கண்ணாடியோடும், பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடந்த ஒரு பழைய அகராதியோடும் திரும்பி வந்து, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் என்ன தண்ணி பட்ட பாடா வருதா? நானும் பாதி சொல்லுக்கு இதைத்தான் புரட்டறேன். அதான் அன்னைக்கு உங்களைக் கேட்டேன், என்ன அதுன்னு. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமா சேர்ந்து பார்த்திருப்போமே மாப்பிள்ளை."